காற்றும் மண்ணெண்ணெயும்



களுபோவிலவில் குடியிருப்போருக்குக் கடல் கண்ணிற்குத் தெரிவதில்லை. ஆயினும், வைத்தியசாலை வீதியால் மேற்கே நடந்து, காலி வீதியைக் கடந்து, இருப்புப் பாதையையும் தாண்டினால் தெகிவளைக் கடற்கரை வந்துவிடும். கண்ணிற்குத் தெரியாத அந்தக் கடல் நாள்தோறும் நம் அடுக்களைக்கு வந்து போகிறது; ஒருநாள் சூடையாக வருகிறது, ஒருநாள் பாரையாக வருகிறது, கையிற் காசுள்ள நாளில் அறுக்குளாவாகவும் வருகிறது. 'இன்றைக்கு ஏன் இந்த விலை?' என்று மீன் விற்பவரைக் கேட்டுப் பாருங்கள். முன்னாளிலே 'கடல் கொந்தளிப்பு' என்பார். 'மீன் படவில்லை' என்பார். இந்நாளில் அவர் வாயில் முதலில் வரும் காரணம் வேறொன்று. 'எண்ணெய் விலை' என்கிறார்.

கடலிலே பிறந்து கடலிலே வளரும் மீனுக்கு எண்ணெய் விலை எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? அதை நீக்க வழி உண்டா? நம் முன்னோர் காற்றைக் கொண்டு கலம் செலுத்தினார்களே, மீண்டும் பாய் விரித்தால் என்ன? இந்தக் கேள்விகளையே இன்று உங்களோடு ஆராய எண்ணுகிறேன்.

முதலிலே கணக்கைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டை இந்நாட்டில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவுக்கு விற்ற டீசல், ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. ஓகஸ்ட் மாதம் 21ஆம் திகதி நள்ளிரவு மண்ணெண்ணெயின் முறை வந்தது. 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒரே இரவில் 340 ரூபாவாக உயர்ந்தது. நகரத்திலே இருப்போர் பெற்றோலையும் எரிவாயுவையும் பற்றியே பெரிதும் பேசினர். ஆனால் கரையோரத்திலே, சிறு படகின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்துக்கு உணவு மண்ணெண்ணெயே. ஆகவே அந்த நள்ளிரவு மீனவர் வீட்டுக் கதவைத் தட்டியது போல வேறெவர் வீட்டுக் கதவையும் தட்டவில்லை எனலாம். பின்னர் விலை இறங்கியதும் உண்டு, ஏறியதும் உண்டு. 87 ரூபா என்ற அந்தப் பழைய நிலைக்கு மட்டும் அது திரும்பவில்லை.

இந்த விலையேற்றம் யாரைத் தாக்குகிறது என்பதை அறிய, கடற்றொழிலின் பங்கு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலுக்குச் செல்லும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் நாட்கூலி இல்லை, பங்கே உண்டு. மீன் விற்ற பணத்திலிருந்து முதலில் எண்ணெய், ஐஸ், இரை முதலிய செலவுகள் கழிக்கப்படும். எஞ்சியதுதான் படகுக்காரருக்கும் தொழிலாளிக்கும் பிரிக்கப்படும். பிரிக்கும் வீதம் இடத்துக்கு இடம் வேறுபடும். எண்ணெய்ச் செலவு முதலிலே கழிவது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். மூவர் செல்லும் சிறு படகு. ஒரு நாளைக்கு 25 லீற்றர் மண்ணெண்ணெய் செலவாகிறது. மற்றச் செலவுகளை விட்டுவிடுவோம். எஞ்சியதிற் பாதி படகுக்கும் வலைக்கும், மறுபாதி கடலிற் சென்ற மூவருக்கும் என்று கொள்வோம். பழைய விலையில் எண்ணெய்ச் செலவு 2,175 ரூபா. புதிய விலையில் 8,500 ரூபா. 20,000 ரூபாவுக்கு மீன் பட்ட நல்ல நாளில், முன்பு ஒருவருக்கு ஏறக்குறைய 2,970 ரூபா கிடைத்திருக்கும். விலையேறிய பின் 1,917 ரூபா. இழப்புத்தான், எனினும் அடுப்பு எரியும். ஆனால் 10,000 ரூபாவுக்கே மீன் பட்ட மந்தமான நாளை எண்ணிப் பாருங்கள். முன்பு ஒருவருக்கு 1,304 ரூபா. விலையேறிய பின் 250 ரூபா! விடியுமுன் எழுந்து, அலையைத் தாண்டி, வெயிலிலே காய்ந்து வந்தவனுக்கு 250 ரூபா. இன்னுஞ் சிறிது குறைவாக மீன் பட்டால் அவன் கடலுக்குப் போனதே கடன். நல்ல நாளில் மூன்றில் ஒரு பங்கைக் கொள்ளும் விலையேற்றம், மந்தமான நாளில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டுபோய்விடுகிறது. கடலிலே மந்தமான நாட்கள் எத்தனை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியாயின் இயந்திரம் ஏன் வந்தது? அது தீங்கு செய்யவா வந்தது? இல்லை. இதை நடுநிலையோடு பார்க்க வேண்டும்.

இலங்கையிலே மீன்பிடித் திணைக்களம் 1941ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. சுதந்திரத்துக்குப் பின், 1950களிலே, உலக உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணரது துணையோடும் கொழும்புத் திட்ட நாடுகளின் உதவியோடும் நம் கடற்றொழிலில் இயந்திரம் புகுந்தது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் 28 அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் படகு அறிமுகமாயிற்று. அதன் உடலினுள்ளே டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. அதனையடுத்துக் கண்ணாடியிழைப் படகும், அதன் பின்புறத்தில் மாட்டிக் கழற்றத்தக்க வெளியிணைப்பு இயந்திரமும் கரையெங்கும் பரவின. காற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. எதிர்க்காற்றிலும் வீடு திரும்பலாம். மீன் கெடுமுன் சந்தைக்குச் சேர்க்கலாம். புயற் குறி கண்டால் விரைந்து கரையேறலாம். துடுப்பு வலித்துத் தோள் தேய்ந்தவர்களுக்கு இவையெல்லாம் சிறிய வரங்கள் அல்ல.

ஆனால் அந்த வரத்துக்கு ஒரு மறைவான நிபந்தனை இருந்தது. எண்ணெய் மலிவாக இருக்க வேண்டும் என்பதே அது. 1973ஆம் ஆண்டு ஒக்டோபரில் மேற்காசியாவிலே போர் மூண்டது. பீப்பாய் ஏறக்குறைய 3 டொலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களுக்குள் 12 டொலரை அண்மித்தது. 1979இல் மீண்டும் ஓர் ஏற்றம். அப்போதெல்லாம் நம் அரசு மண்ணெண்ணெய்க்கு மானியம் கொடுத்துக் காத்தது. அது ஏழையின் விளக்குக்கு எரியும் எண்ணெய் அன்றோ? அந்த நிழலிலே மீனவரின் இயந்திரமும் ஒதுங்கிக்கொண்டது. 2022இல் அந்த நிழல் மறைந்தது. ஐம்பது ஆண்டுகளாக ஒத்திவைக்கப்பெற்ற கணக்கு ஒரே இரவிலே தீர்க்கக் கேட்கப்பட்டது.

இனிப் பாய்மரத்தின் பக்கம் திரும்புவோம்.

'கட்டுமரம்' என்ற சொல் நம்முடையது. கட்டிய மரம் என்பதே அதன் பொருள். இலேசான மரக்கட்டைகள் சிலவற்றைச் செதுக்கிப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் அது கட்டுமரம். அதற்கு ஆணியில்லை, உள்ளே குழியுமில்லை. அலை ஏறினால் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். ஆகவே அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளை மணலிலே காயப்போடுவர். துறைமுகம் இல்லாத, அலை ஓயாத கரைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கலத்தைக் காண்டல் அரிது. சோழமண்டலக் கரையிலே இதைக் கண்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளிவந்த தமது பயண நூலிலே இப்பெயரையே எழுதிவைத்தார். இவ்வாறு நம் சொல் ஆங்கிலத்திற் புகுந்தது.

புகுந்த சொல் அங்கே உருமாறியது. இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர், ஒரு மரத்தைக் குடைந்து பக்கத்திலே மிதவைக் கட்டை பூட்டிய 'ஒருவ' என்னும் சிங்களத் தோணியையும் அப்பெயராலேயே அழைத்தனர். மேலைநாட்டாரோ இரண்டு மெல்லிய உடல்களை அகலமாக இணைத்துப் பாய் கட்டிய கலத்துக்கு இப்பெயரை இட்டனர். 1876ஆம் ஆண்டில் அமெரிக்கக் கலச்சிற்பி நதானியல் ஹெரஷாப் அத்தகைய இரட்டையுடற் கலம் ஒன்றைச் செய்து நியூயோர்க்கிலே பந்தயத்துக்கு விட்டார். அது மற்றப் பாய்க்கலங்களை முந்திய வேகத்தைக் கண்டு அஞ்சியோர், இத்தகைய கலங்களுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்று விலக்கிவிட்டனர். அந்த வடிவம் பசிபிக் தீவினரது கைவண்ணம். பெயர் மட்டும் தமிழ். இன்று உல்லாசப் பயணிகள் ஏறும் வெண்ணிறக் 'கட்டமரான்' அந்த வழியிலே வந்ததாகும்.

இரட்டையுடற் கலத்துக்கு அவ்வேகம் எங்கிருந்து வந்தது? நீரைப் பிளந்து செல்லும் எந்தக் கலமும் தானே எழுப்பும் அலையிலே சிக்கிக்கொள்கிறது. அக்கலம் எளிதாகச் செல்லத்தக்க வேகத்துக்கு அதன் நீளமே எல்லை வகுக்கிறது. நீர்க்கோட்டில் 25 அடி நீளமுள்ள படகுக்கு அவ்வெல்லை மணிக்கு ஏறக்குறைய 6.7 கடல் மைல். அதற்குமேல் ஓட்ட முனைந்தால், எரியும் எண்ணெயின் பெரும்பங்கு அலை எழுப்புவதற்கே செலவாகும். உடல் மெலிந்திருந்தால் அலையும் மெலியும். ஆகவே இரட்டையுடற் கலம் அந்த எல்லையை ஓரளவு கடந்து செல்கிறது. அகலத்தாலே அது நிலைத்து நிற்பதால், பாயின் சாய்வைத் தாங்க அடியிலே பாரம் ஏற்ற வேண்டுவதுமில்லை. ஆனால் இதே மெலிவு அதன் குறையுமாகும். வலையும் ஐசும் மீனுமாக நிறைந்த பாரத்தை ஏற்றினால் அது ஆழ அமிழ்ந்து தன் சிறப்பை இழந்துவிடுகிறது.

காற்றை அறிந்து அதை வேலைக்கு வைத்தல் நம்மவர்க்குப் புதிய வித்தையன்று. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே ஏவல் கொண்டு கடலிலே கலம் ஓட்டினான் என்று சங்கப் புலவர் வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றிலே சொல்கிறார். அண்மைக் காலத்துக்கு வந்தால், வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் நினைவுக்கு வருகிறது. ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கோயிலும் கடலும் சூழ்ந்த ஒரு சிற்றூரின் தச்சரும் மாலுமியரும் சாதித்த செயல் அது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீர்கொழும்புக் கரையில் நின்று பாருங்கள். அங்கே பக்கமிதவை பூட்டிய தோணிகள், அகன்ற சதுரப் பாய்களை விரித்துக்கொண்டு இன்றும் தொழில் செய்கின்றன. விடியற் காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கரைக்காற்று அவற்றை வெளியே கொண்டுசெல்கிறது. வெயில் ஏறியபின் கடலிலிருந்து தரையை நோக்கி வீசும் கடற்காற்று அவற்றைக் கரைக்குக் கொண்டுவருகிறது. போகவும் வரவும் கூலி கேட்காத இரண்டு வேலைக்காரர்! அது மட்டுமா? பாயின் இழுவையாலேயே வலையை இழுத்து இறால் பிடிக்கும் தொழிலும் அங்கே உண்டு. வடக்கிலே, 1990களில் எரிபொருள் கிடைப்பது அரிதாயிருந்த போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக் களக்கடலிலே பாயும் துடுப்பும் தாங்குகோலுமே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. ஆகவே பாய் என்பது அருங்காட்சியகத்துப் பொருளன்று.

இவ்வளவையும் கேட்ட நேயர் ஒருவர், 'அப்படியானால் இயந்திரத்தைக் கழற்றிக் கரையிலே வைத்துவிட்டுப் பாயைக் கட்டச் சொல்கிறீரா?' என்று வினவலாம். இவ்வினாவை மீனவரிடமே கேட்டால் அவர் சொல்லும் தடைகள் நியாயமானவை.

முதலாவது தடை, தூரம். கரையோரத்து மீன் குறைந்து, மீனைத் தேடி வெளியே செல்ல வேண்டியதாயிற்று. நெடுந்தூரம் சென்று பலநாள் தங்கிச் சூரை பிடிக்கும் படகுகளைப் பாயால் மட்டும் நடத்துதல் இயலாது. இரண்டாவது, காலம். காலைச் சந்தையிலே முதலில் வந்த மீனுக்கு ஒரு விலை. பிந்தி வந்த மீனுக்கு வேறொரு விலை. காற்றோ சந்தையின் மணியை அறியாது. மூன்றாவது, பருவம். மேற்குக் கரையிலே மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையைக் கிளப்புகிறது. கிழக்கிலும் வடக்கிலும் வாடைக்காற்று மாரிகாலத்தில் அதே வேலையைச் செய்கிறது. அந்நாட்களிற் சிறு பாய்த்தோணிக்குக் கடலில் இடமில்லை. நான்காவது, கலம். இன்றைய கண்ணாடியிழைப் படகு இயந்திரத்துக்கென்றே வடிக்கப்பட்டது. அதற்கு ஆழ்ந்த அடிக்கட்டையில்லை; பக்கமிதவையுமில்லை. அதிலே பெரிய பாயைக் கட்டினால் காற்று படகைத் தள்ளுவதற்கு முன் கவிழ்த்துவிடும்.

ஐந்தாவது தடைதான் எல்லாவற்றிலும் பெரியது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து கரையிலிருந்த கலங்களை அள்ளிச் சென்றது. அதன்பின் உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியிணைப்பு இயந்திரங்களுமே. தமிழ்நாட்டுக் கரையிலும், கட்டுமரத்தை இழந்த பலருக்குப் படகே கிடைத்தது. கொடுத்தோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் கட்டுமரத்தோடு கட்டுமர வித்தையும் கரையேறாமற் போயிற்று. பாயை எந்த அளவுக்கு இறுக்குவது, எதிர்க்காற்றிலே எவ்வாறு கோணம் மாற்றி மாற்றி முன்னேறுவது, மேகத்தின் நிறங்கண்டு எப்போது பாயைச் சுருக்குவது என்பவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொரு கரையிலும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இயந்திரத்தின் கயிற்றை இழுத்து வளர்ந்த இளைஞருக்கு அவ்வித்தை தெரியாது. எண்ணெயின் விலை ஏறலாம், இறங்கலாம். கைமறந்த வித்தை அப்படித் திரும்பி வருவதில்லை.

ஆகவே, பாயா இயந்திரமா என்று ஒன்றை ஒன்றுக்கு எதிராக நிறுத்துவது சரியான வினாவன்று. எந்தப் பயணத்துக்கு எது, எவ்வளவு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இதனை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர்கள் இருக்கின்றனர். 1979இல் தொடங்கிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம், இலங்கை, இந்தியா முதலிய நாடுகளின் சிறு மீனவருக்காக உழைத்தது. நோர்வே நாட்டுக் கலச்சிற்பி கல்பிராண்ட்சென் சிறுபடகுகளின் எரிபொருட் செலவைக் குறைப்பது பற்றி எழுதிய கைந்நூலை அது 1986இல் வெளியிட்டது. இத்துறையில் அறியப்பட்ட உண்மைகள் எளியவை. கடற்கரையில் எவரும் சோதித்துப் பார்க்கத்தக்கவை.

முதலாவது உண்மை: அவசரமே எண்ணெய் குடிக்கிறது. நீரைப் பிளந்து செல்லும் கனமான படகிலே, இயந்திரத்தின் சுழற்சியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், மணிக்கு எரியும் எண்ணெய் ஏறக்குறையப் பாதியாகிறது. வேகம் குறைவதால் பயணம் சிறிது நீளும். அதையும் கணக்கிற் சேர்த்தால், அதே தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். மேற்சொன்ன 25 லீற்றர் 16 லீற்றராகும். மீன் படாது வெறுமையாகத் திரும்பும் நாளிலே விரைந்து வருவதற்கு என்ன தேவை இருக்கிறது?

இரண்டாவது: இயந்திரத்தின் இனம். மண்ணெண்ணெயில் ஓடும் ஈரடி வெளியிணைப்பு இயந்திரம் வாங்க மலிவு, தூக்க இலேசு; ஆனால் அது பெருந்தீனிக்காரன். அதே வேலையைச் செய்ய டீசல் இயந்திரத்துக்கு ஏறக்குறைய அதிற் பாதி எண்ணெய் போதும். டீசல் இயந்திரத்தின் விலை அதிகம். எனினும் நாள்தோறும் தொழிலுக்குச் செல்வோர் இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நன்று. தேவைக்கு மேற்பட்ட குதிரைவலுவை வாங்குவது, இருவர் வாழும் வீட்டில் இருபது பேருக்கு உலை வைப்பதைப் போன்றது.

மூன்றாவது: படகின் அடி. பாசியும் கொட்டலசும் பிடித்த அடி, படகைப் பின்னின்று இழுக்கும் கையாகும். அதனைச் சுரண்டித் துப்புரவாக வைப்பதற்குச் செலவு வியர்வை மட்டுமே.

நான்காவது: பாய். இங்கே பாய் இயந்திரத்தின் பகைவனாக அல்ல, அதன் பாதி வேலையை ஏற்கும் தம்பியாக வருகிறது. படகின் அகலத்துக்குத் தக்க சிறு பாய் ஒன்று, இறக்கி மடித்து வைக்கத்தக்க பாய்மரத்தோடு இருந்தால், காற்று பின்னிருந்தோ பக்கத்திலிருந்தோ வீசும்போது இயந்திரத்தைத் தணித்து ஓடலாம். காற்று நன்றாக இருந்தால் நிறுத்தியும் விடலாம். பிற்பகற் கடற்காற்று மேற்குக் கரையிலே வீடு திரும்பும் திசையிலேதான் வீசுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளாது எண்ணெயை எரித்துக்கொண்டு வருவது, வாசலில் நிற்கும் துணையை விட்டுவிட்டுத் தனியே சுமப்பது போலாகும்.

இந்த நான்காவதிலே பணத்தினும் பெரிய ஒரு நன்மை அடங்கியிருக்கிறது. நடுக்கடலிலே இயந்திரம் நின்றுபோனால், பாயில்லாத படகு வெறும் மரக்கட்டையே. நீரோட்டம் இழுத்த பக்கம் அது போகும். நீரும் உணவும் தீர்ந்து நாட்கணக்கில் அலைந்தோரின் செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். பத்து முழத் துணியும் ஒரு கழியும் அந்த நேரத்தில் உயிரின் விலை பெறும். எண்ணெய் மலிவாக இருந்தாலும் ஒவ்வொரு படகிலும் பாய் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இப்போது யாருக்கு எது என்று பகுத்துச் சொல்லலாம். களப்பிலும் கரையோரத்திலும் தொழில் செய்வோருக்குப் பாய்த்தோணியே இன்றும் ஏற்றது; அவர்களை 'முன்னேறாதவர்' என்று எள்ளி இயந்திரம் வாங்கத் தூண்டுவது நன்மையன்று. ஒருநாட் பயணம் செல்லும் சிறு படகுக்கு அளவான இயந்திரமும் அளவான பாயும் வேண்டும். பலநாட் படகுக்கு இயந்திரமே முதல். எனினும் நிதான வேகமும் துப்புரவான அடியும் அதற்கும் பொருந்தும். புதிதாகக் கலம் செய்வோர், பாரம் குறைந்த தொழிலுக்கு இரட்டையுடற் கலத்தையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அலையடிக்கும் கரையிலே அந்த அகலத்தை இழுத்தேற்ற எத்தனை பேர் வேண்டும், ஒதுங்குதுறையிலே அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பவற்றைக் கேட்ட பின்பே எண்ண வேண்டும்.

பயணிகளை ஏற்றும் படகுக்காரருக்கோ கணக்கு வேறு. மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் திமிங்கிலம் பார்க்க வருவோர் சந்தைக்கு ஓடுபவரல்லர். கடலிலே பொழுது கழிக்க வந்தவர். அவர்களுக்கு இயந்திர ஓசையில்லாத பாய்க்கலம் குறையாகாது, சிறப்பேயாகும். திமிங்கிலத்துக்கும் அமைதி கிடைக்கும். அவசரமில்லாத பயணத்துக்கு அவசரக் கலம் எதற்கு?

அரசினரும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. விலையேறும்போது மானியம் கேட்பதும் கொடுப்பதும் தவறல்ல. பட்டினியைத் தடுக்க அது வேண்டும். ஆனால் எண்ணெய்க்குக் கொடுக்கும் மானியம் எண்ணெயோடு எரிந்துபோகிறது. அதில் ஒரு சிறு பங்கை எடுத்து, பாயும் பாய்மரமும் வாங்கக் கடனாகக் கொடுத்தால் அது பல ஆண்டு நிற்கும். கரைதோறும் பாய் ஓட்டத் தெரிந்த முதியோரை அழைத்து, இளைஞருக்கு அவ்வித்தையைக் கற்பிக்கக் கூலி கொடுத்தால் அது ஒரு தலைமுறை நிற்கும். அந்த முதியோருக்கு அது உதவியாக மட்டுமன்றி மரியாதையாகவும் இருக்கும்.

நேயர்களே, எண்ணெய் எந்த நாட்டின் மண்ணிலிருந்தோ வருகிறது. அதன் விலை எந்தப் போரிலோ எந்தச் சந்தையிலோ தீர்மானிக்கப்படுகிறது. அதில் நமக்குச் சொல்லில்லை. காற்றோ ஒவ்வொரு நாளும் நம் கரைக்கே வருகிறது. அதுவும் நம் சொல்லைக் கேட்பதில்லைதான். ஆயினும் அதன் குணத்தை நம்மவர் நெடுங்காலம் பழகி அறிந்திருக்கின்றனர். இயந்திரத்தைக் கைவிட வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தையும் கைவிடாதிருந்தாற் போதும். அடுத்த முறை எண்ணெய் விலை ஏறும் நாளிலே, மந்தமாக மீன் பட்ட ஒருவன், 250 ரூபாவோடு வீட்டுக்குத் திரும்புகிறானா, அடுப்பெரியப் போதிய பணத்தோடு திரும்புகிறானா என்பதை அந்தப் பழக்கமே தீர்மானிக்கக்கூடும்.